புனர்பூசத்துக்குப் பக்கத்தில் இரண்டு செங்குறுமீன்கள்: ஒய்ஒய் ஜெமினோரத்தை அளப்பது எப்படி

புனர்பூசம் என்று நாம் சொல்வது மிதுனத்தின் இரண்டு தலை விண்மீன்களை: காஸ்டர், பொலக்ஸ். இதில் காஸ்டர் ஒற்றை விண்மீன் அல்ல, ஆறு விண்மீன்களின் குடும்பம். பிரகாசமான நான்கும் ஒன்றாகக் கலந்து வெறுங்கண்ணுக்கு ஒரே புள்ளியாகத் தெரிகின்றன. மீதி இரண்டும் தென்தென்கிழக்கே 71 கோணவிநாடி (ஒரு கோணவிநாடி என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) தள்ளி ஒரு மங்கலான சிவப்புப் புள்ளியாக நிற்கின்றன. அந்தச் சிவப்புப் புள்ளிக்குத்தான் ஒய்ஒய் ஜெமினோரம் என்று பெயர். 19 மணி 32 நிமிடம் 34 விநாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு செங்குறுமீன்கள், அதாவது சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த சிவப்பு விண்மீன்கள். சுற்றுத்தளம் கிட்டத்தட்ட நம் பார்வைக் கோட்டிலேயே இருப்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஒன்று மற்றதை மறைக்கிறது. அந்த மறைப்புகள் 1926-லேயே கண்டறியப்பட்டன.

விண்மீன்களிலேயே அதிக எண்ணிக்கையில் இருப்பவை செங்குறுமீன்கள்தாம். அவற்றின் நிறையையும் ஆரத்தையும் கோட்பாட்டின் துணையில்லாமல் நேரடியாக அளக்க, இப்படி ஒன்றையொன்று மறைக்கும் கிரகண இரட்டைகளைவிட நம்பகமான வழி கிடையாது. நிறமாலையிலிருந்து வேகம், வேகத்திலிருந்து நிறை. மறைப்பு நீடிக்கும் நேரத்திலிருந்து ஆரம். ஒய்ஒய் ஜெமினோரத்தில் ஒவ்வொன்றும் சூரிய நிறையில் 0.60 பங்கு, ஆரத்தில் 0.62 பங்கு, வெப்பநிலை சுமார் 3800 கெல்வின். அந்த நிறைக்கு விண்மீன் மாதிரிகள் சொல்லும் ஆரம் இதைவிடக் குறைவு, வெப்பநிலை இதைவிட அதிகம். இந்த வகை இரட்டைகளில் பொதுவாக ஆரம் 5 முதல் 10 சதவீதம் பெரிதாக இருக்கிறது. வேகச் சுழற்சி வலுவான காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அது உள்ளிருந்து வரும் வெப்ப ஓட்டத்தைத் தடுக்கிறது, மேற்பரப்பைக் கரும்புள்ளிகள் அடைக்கின்றன, அதனால் விண்மீன் சற்று உப்பிக் குளிர்கிறது என்பது இன்று முன்னிற்கும் விளக்கம். டிராகோ மண்டலத்தில் உள்ள சிஎம் டிராகோனிஸ் என்ற இரட்டை இன்னும் சிறியது. நிறை 0.231, 0.214. முழுக்க வெப்பச்சலனத்தால் கலங்கும் விண்மீன்கள். அங்கேயும் சில சதவீத உப்பல் இருக்கிறது.

ஆக, நாம் தேடுவது 10 சதவீதத்துக்கும் குறைந்த ஒரு வேறுபாட்டை. அளவீட்டில் 3 சதவீதப் பிழை புகுந்தாலே பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது. அந்தப் பிழைக்குக் கருவி சிறியதாக இருப்பது காரணமாவது அரிது. பெரும்பாலும் காஸ்டரின் கூச்சத்தாலும் (பக்கத்தில் வழியும் அதன் மிகை ஒளி), கரும்புள்ளிகளாலும், இரண்டு விண்மீன்களும் ஒன்றுபோலவே இருப்பதாலும்தான் வருகிறது.

எப்போது பார்ப்பது

பொங்கலை ஒட்டி காஸ்டர் நள்ளிரவில் உச்சிக்கு வருகிறது. சென்னை அட்சரேகையில் 71 டிகிரி உயரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் காலமும் அதுதான். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் நடுவரை பயன்படும் இரவுகள் கிடைக்கும். சென்னையில் போகிப் புகை படியும் இரவை விட்டுவிடுங்கள். மெல்லிய புகையும் உயர்மேகமும் காஸ்டரைச் சுற்றிய ஒளிவட்டத்தைப் பெரிதாக்கிவிடும், அது இங்கே மற்ற எந்த விண்மீனுக்கும் இல்லாத தொல்லை. தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் மூன்று நாளும் வேண்டாம். பௌர்ணமிக்கு நெருங்கிய நிலா பூசத்துக்கு முந்தின நாள் புனர்பூசத்தைக் கடந்துதான் போகும்.

முதன்மை மறைப்பின் நடுநேரம், சூரியமைய ஜூலியன் நாளில் (வானியலார் தொடர்ச்சியாக எண்ணும் நாள் கணக்கு, சூரியனிலிருந்து பார்ப்பதுபோல் திருத்தியது): 2449345.1123 + 0.814282212 × சுற்று எண். சுற்றுப்பாதை வட்டமானது, ஆகவே இரண்டாம் மறைப்பு சரியாக அரைச் சுற்றுக்குப் பிறகு. ஓர் எடுத்துக்காட்டு. 2027 ஜனவரி 15-க்குச் சுற்று எண் 14830 என்று வைத்தால் 2461420.9175 வருகிறது. இந்திய நேரத்தில் பிற்பகல் 3.31, வெயில் நேரம். அரைச் சுற்றைக் கூட்டினால் நள்ளிரவு தாண்டி 1.17. இது சூரியனிலிருந்து பார்க்கும் நேரம். ஜனவரியில் பூமி காஸ்டர் பக்கம் இருப்பதால் நமக்கு ஒளி 8 நிமிடம் முன்பே வந்துவிடும். ஆக 16-ஆம் தேதி அதிகாலை 1.09. மறைப்பு மொத்தம் 2 மணி நேரம், எனவே 12.10-க்குத் தொடங்கும். வளர்பிறை அரைநிலா நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடுவதால் அது நல்ல இரவு. மறைப்புக்கு முன்னும் பின்னும் குறைந்தது முக்கால் மணி நேரம் சேர்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் சமநிலை ஒளி எது என்பதே தெரியாமல் போகும்.

ஒரு மறைப்பு நல்ல நேரத்தில் வந்தால் 22 இரவுகள் கழித்து அதே மறைப்பு 21 நிமிடம் முன்னதாக வரும். 11 இரவுகள் கழித்து மற்ற மறைப்பு 10 நிமிடம் முன்னதாக. முழு ஒளிவளைவும் (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) வேண்டுமென்றால் தொடர்ந்து ஐந்து இரவுகள், இரவுக்கு 7 மணி நேரம் போதும். ஒவ்வோர் இரவும் சுற்றில் 0.23 பங்கு நகர்வதால் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். மூன்று மாதம் சிதறலாக எடுத்ததைவிட இந்த ஐந்து இரவுகள் மேல் என்பது என் உறுதியான எண்ணம். காரணம் கரும்புள்ளிகள், கீழே வருகிறது.

காஸ்டரின் கூச்சம்

ஒய்ஒய் ஜெமினோரம் 9-ஆம் மேக்னிட்யூடை (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) ஒட்டியது. காஸ்டர் 1.6. வேறுபாடு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. 20 செ.மீ. தொலைநோக்கி, 1000 மி.மீ. குவியத்தொலைவு, 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமரா என்றால் பிக்சலுக்கு 0.78 கோணவிநாடி, இரண்டுக்கும் இடையே 92 பிக்சல். காஸ்டர் நிறைந்து வழியும், அது போகட்டும். ஆனால் அதன் ஒளிவட்டம் நம் விண்மீன் மேல் சாய்வாகப் படிந்திருக்கும். வழக்கம்போல விண்மீனைச் சுற்றி வளையம் போட்டுப் பின்னணியைக் கழித்தால், காஸ்டர் பக்க வளையத்தில் ஒளி அதிகம், மறுபக்கம் குறைவு. இரண்டின் சராசரி நடுவில் உள்ள உண்மையான மதிப்பு ஆகாது, ஏனென்றால் ஒளிவட்டம் நேர்கோட்டில் குறைவதில்லை, வளைந்து குறைகிறது.

சரியான வழி எளிது. காஸ்டரின் மையத்திலிருந்து நேர் எதிர்த் திசையில் அதே 71 கோணவிநாடி தள்ளி, அதே ஆரத்தில் ஓர் அளவு வட்டம் போட்டு, அதில் வரும் ஒளியை நம் விண்மீனின் ஒளியிலிருந்து கழியுங்கள். நிறைந்து வழியும் படத்தில் காஸ்டரின் மையத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மிகக் குறுகிய எக்ஸ்போஷரில் தனியாகச் சில படங்கள் எடுத்து, நம் விண்மீனிலிருந்து மையம் எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்று நிர்ணயித்துக்கொள்ளுங்கள். காஸ்டரே ஐந்தாறு கோணவிநாடி இடைவெளியில் இரண்டு புள்ளிகள், அவற்றின் ஒளிமையத்தைத்தான் எடுக்க வேண்டும். எதிர்வட்டத்தில் வேறு மங்கல் விண்மீன் விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நியூட்டோனியன் தொலைநோக்கி என்றால் ஒளிக்கீற்றுகள் இன்னொரு சிக்கல். துணை ஆடியைத் தாங்கும் நான்கு தகடுகளும் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்காக நின்றால், வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளந்தால் தெற்குக் கீற்று 180 டிகிரியில் போகும். நம் விண்மீன் 164 டிகிரியில் இருக்கிறது. வெறும் 16 டிகிரி இடைவெளி. குழாயை வளையத்துக்குள் திருப்பி, கீற்றுகள் 119-லும் 209-லும் விழும்படி வையுங்கள், விண்மீன் நட்டநடுவில் வரும். பூமத்திய மவுண்ட் கட்டாயம். உயரம்–திசை மவுண்டில் வானம் சுழன்று, கீற்று மெல்ல மெல்ல வந்து விண்மீனைத் தொடும். ஒளிவளைவில் அது ஒரு சின்ன மேடாகத் தெரியும், ஃபிளேர் (விண்மீனின் திடீர் வெடிப்பொளி) என்று ஏமாந்துவிடலாம். ஜெர்மன் மவுண்டில் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது படம் தலைகீழாகும். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனிப் பூஜ்ய மட்டம் கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். மறைப்பின் நடுவில் இந்தத் திருப்பம் வராதபடி திட்டமிடுவது இன்னும் நல்லது.

கோள்கடப்புகளை அளப்பவர்கள் விண்மீனை வேண்டுமென்றே குவியம் தவறவிடுவார்கள். இங்கே அதைச் செய்யக் கூடாது, காஸ்டரின் ஒளி இன்னும் பரவும். கூர்மையாகக் குவித்து, 10 விநாடி எக்ஸ்போஷர் போதும். 20 செ.மீ. கருவியில் அந்த நேரத்துக்கு வளிமண்டல மினுக்கல் மட்டும் சுமார் 0.3 சதவீதம். ஃபோட்டான் இரைச்சல் அதைவிடக் குறைவு. ஒரு படத்துக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் கிடைத்தால் கருவி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். தை மாதப் பனி வில்லையிலும் ஆடியிலும் படிந்தால் ஒளிவட்டம் திடீரெனக் கூடும், எனவே சூடேற்றுப் பட்டையை முன்னிரவிலேயே போட்டுவிடுங்கள்.

கோள்கடப்புகளைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் 21 கோணவிநாடி. அதில் காஸ்டர் நம் விண்மீனிலிருந்து மூன்றரைப் பிக்சல்தான் தள்ளி இருக்கும், ஒளி கலக்காமல் இருக்க வழியில்லை. இலவசத் தரவு என்று இறக்கி அப்படியே மறைப்பின் ஆழத்தை நம்பாதீர்கள், மூன்றாம் ஒளியையும் (இரட்டையைச் சேராத அயல் ஒளி) ஒரு மாறியாக வைத்துத் தீர்க்க வேண்டும். நேரம் அளக்க மட்டும் அது அருமையான தரவு.

ஃபில்டர், ஒப்பீட்டு விண்மீன், கடிகாரம்

ஒரே ஃபில்டர்தான் இருக்கிறதென்றால் சிவப்பு அல்லது அகச்சிவப்பை ஒட்டிய ஐ ஃபில்டர். விண்மீன் அங்கே பிரகாசம், கரும்புள்ளிகளின் தாக்கம் குறைவு, ஃபிளேர் ஏறக்குறையத் தெரியாது. நீல ஃபில்டரில் ஃபிளேர்கள் பளிச்செனத் தெரியும். ஆரம் அளக்க ஐ, காந்தச் செயல்பாட்டைப் பார்க்க நீல பி. இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கலாம். ஃபில்டர் சக்கரம் சுழலும் நேரத்தில் படங்கள் குறையும் என்பது மட்டும்தான் இழப்பு. ஃபில்டரே இல்லாமல் எடுத்தால் விண்மீன் தாழும்போது வளைவு சாயும். நம் விண்மீன் ஆழ்சிவப்பு, ஒப்பீட்டு விண்மீன்கள் பெரும்பாலும் மஞ்சளோ வெள்ளையோ. காற்று நீலத்தை அதிகம் விழுங்குவதால் இரண்டும் ஒரே அளவில் மங்குவதில்லை. நிறம் நெருங்கிய ஒப்பீட்டு விண்மீன்களாக மூன்று முதல் ஐந்து வரை தேர்ந்தெடுத்து, காஸ்டரிலிருந்து குறைந்தது 10 கோணநிமிடம் தள்ளி இருப்பவையாகப் பார்த்து, கூட்டாகப் பயன்படுத்துங்கள். இன்னொன்றைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். உயரம் 30 டிகிரிக்குக் கீழே போனதும் நிறுத்திவிடலாம்.

நேரத்தில் மூன்று இடங்களில் தவறு நுழைகிறது. படத்தின் தலைப்பில் பதிவாகும் நேரம் பெரும்பாலும் எக்ஸ்போஷரின் தொடக்கம், நமக்கு வேண்டியது நடு. கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசைக்காமல் விட்டால் ஓர் இரவிலேயே விநாடிக்கணக்கில் நகர்ந்துவிடும். மூன்றாவது, பழைய அட்டவணைகள் சூரியமைய நேரத்தில், உலகப் பொது நேர அளவில் இருக்கும். புதியவை சூரியக் குடும்ப நிறைமையத்தில், சீரான இயக்கவியல் நேரத்தில் இருக்கும். இரண்டையும் கலந்தால் 69 விநாடிக்கு மேல் பொய்யான விலகல். இதை மூன்றாவது உடலின் ஈர்ப்பு என்று எழுதிவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

ஒளிவளைவிலிருந்து ஆரத்துக்கு

நல்ல வளைவில் மறைப்பின் ஆழம் சுமார் அரை மேக்னிட்யூட். இரண்டு மறைப்புகளும் ஏறக்குறைய ஒரே ஆழம். சுற்றுத்தளத்தின் சாய்வு 86.3 டிகிரி (90 என்றால் சரியாகப் பார்வைக் கோட்டில்), ஆகவே முழு மறைப்பு இல்லை, மேற்பரப்பில் முக்கால் பங்குதான் மூடப்படுகிறது. எந்த நிரலும் இதைப் பொருத்திக் காட்டும். ஜேகேடிஈபாப் வேகமானது, இந்த அளவு விலகி நிற்கும் இரட்டைக்குப் போதும். கரும்புள்ளியையும் சேர்க்க வேண்டுமென்றால் ஃபீபி.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பகுதி மறைப்பும் ஒரே மாதிரியான விண்மீன்களும் சேர்ந்தால், ஆரங்களின் கூட்டுத்தொகை துல்லியமாகக் கிடைக்கும், விகிதம் கிடைக்காது. ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்கி, சாய்வை ஒரு நூல் திருத்தினால் அதே வளைவு வந்துவிடும். நிரல் விகிதத்தை மூன்று தசமத்துக்குத் தந்தாலும் நம்பாதீர்கள். விகிதத்தைப் பல மதிப்புகளில் நிலைநிறுத்தி ஒவ்வொன்றுக்கும் பொருத்திப் பாருங்கள். பொருத்தத்தின் தரம் கிட்டத்தட்ட மாறாமல் இருப்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டு விண்மீன்களின் ஒளி விகிதத்தை நிறமாலையிலிருந்து எடுத்து வந்து கட்டுப்படுத்துவதுதான் சரி. 2002-இல் டோரெஸும் ரிபாஸும் வெளியிட்ட ஆய்வு இந்த இரட்டைக்கு இரண்டு ஆரங்களின் சராசரியாக 0.6191 என்ற ஒரே மதிப்பைத்தான் தருகிறது. அந்த நிதானம் பின்பற்றத் தக்கது.

மூன்றாம் ஒளி எப்படிக் கெடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. காஸ்டரின் ஒளிவட்டத்தில் இரண்டு சதவீதம் கழியாமல் மிஞ்சினால், 38 சதவீத ஆழம் 37.3 ஆகக் குறையும். நிரல் அதைச் சாய்வு குறைவு என்று எடுத்துக்கொள்ளும். சாய்வு குறைந்தும் மறைப்பு அதே 2 மணி நேரம் நீடிக்க வேண்டுமானால் ஆரம் பெரிதாக வேண்டும். நாம் தேடும் உப்பல் இப்படிக் கூச்சத்திலிருந்தே பிறந்துவிடலாம்.

கரும்புள்ளிகள் இதைவிட நுட்பமானவை. செங்குறுமீன்களில் பெரிய கறைகள் இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றதில் 1950-களின் தொடக்கத்தில் ஜெரால்ட் குரோன் ஒய்ஒய் ஜெமினோரத்தில் செய்த ஒளியளவீட்டுக்குப் பங்கு உண்டு. மறைப்புக்கு வெளியே ஒளி சில சதவீதம் அலைபோல ஏறி இறங்கும். மறைக்கப்படாத பகுதியில் புள்ளிகள் இருந்தால் மறைப்பு உண்மையைவிட ஆழமாகத் தெரியும். துருவத்தை ஒட்டிய புள்ளிகள் அலையையே காட்டாமல் ஆரத்தை மட்டும் சில சதவீதம் கூட்டிக் காட்டும். ஒரே ஃபில்டரில் புள்ளியின் இடம், அளவு, வெப்பநிலை மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. குளிர்ந்த சிறு புள்ளியும் மிதமான பெரும்புள்ளியும் ஒரே வளைவைத் தரும். இரண்டு ஃபில்டர்களின் வீச்சு வேறுபாடு வெப்பநிலையைக் கட்டுப்படுத்த உதவும். புள்ளிகள் வாரக்கணக்கில் உருமாறுவதால்தான் ஐந்து தொடர் இரவுகளை வற்புறுத்துகிறேன். வெவ்வேறு பருவத்து வளைவுகளைத் தனித்தனியாகத் தீர்த்து, ஆரம் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். உங்கள் உண்மையான பிழைவரம்பு அதுதான், நிரல் அச்சிடுவது அல்ல.

வேகமும் நிறையும்

நிறமாலை சிறு கருவியின் வேலை அல்ல. நிறையின் வாய்பாட்டில் வேகம் மும்முறை வருவதால், வேகத்தில் 1 சதவீதப் பிழை நிறையில் 3 சதவீதம். ஒவ்வொன்றின் வேக வீச்சும் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் உச்ச வேகம்) ஏறக்குறைய வினாடிக்கு 121 கி.மீ. சூரிய நிறையில் ஒன்றின் நிறை = 1.036 × 10⁻⁷ × இரு வேகங்களின் கூட்டலின் வர்க்கம் × மற்றதன் வேகம் × நாளில் சுற்றுக்காலம். 121.2, 120.5 என்று போட்டால் 0.594. சாய்வுக்குத் திருத்தினால் 0.598. வேகங்களைக் கூட்டி, 0.01976-ஆலும் சுற்றுக்காலத்தாலும் பெருக்கினால் இரண்டுக்கும் இடையிலான தூரம் 3.89 சூரிய ஆரம். ஒளிவளைவு தரும் விகிதத்தை இதனால் பெருக்கினால்தான் ஆரம் சூரிய அலகில் வரும்.

இரண்டும் சுற்றுக்கு இசைந்தே சுழல்வதால் மேற்பரப்பு வினாடிக்கு 38 கி.மீ. வேகத்தில் ஓடி, கோடுகளை அகலமாக்குகிறது. 20,000 பகுதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) இருந்தால் நல்ல வேகம் கிடைக்கும். 5,000 பகுதிறனில் ஹைட்ரஜன் ஆல்ஃபா உமிழ்வுக்கோடு இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம், உச்ச இடைவெளி 5.3 ஆங்ஸ்ட்ரம். கண்ணுக்கு விருந்தான காட்சி. ஆனால் அந்தக் கோட்டிலிருந்து நிறை கணக்கிடாதீர்கள். அது மேல்வளிமண்டலத்துச் செயல்மிகு பகுதிகளிலிருந்து வருவது, விண்மீனின் மையத்தைப் பின்தொடராது. உறிஞ்சுகோடுகள்தாம் வேண்டும். அவையும் மறைப்பை ஒட்டிய கட்டங்களில் ஒன்றோடொன்று கலந்து வேகத்தைக் குறைத்துக் காட்டும். பக்கவாட்டுக் கட்டங்களில், சுற்றின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும், எடுத்தவைக்கே எடை அதிகம் கொடுக்க வேண்டும். எக்ஸ்போஷர் 15 நிமிடத்தைத் தாண்டினால் கோடு இழுபடும். வீட்டு மாடியிலிருந்து வேலை செய்பவருக்கு நல்ல வழி, அச்சான வேக வீச்சுகளை எடுத்துக்கொண்டு தன் ஒளிவளைவிலிருந்து ஆரத்தை மட்டும் சொந்தமாகப் பெறுவது.

மறைப்பின் நடுநேரங்களைச் சேர்த்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கறை ஒரு பக்கமாக இருந்தால் மறைப்பின் இறங்குபாதியும் ஏறுபாதியும் சமச்சீராக இருக்காது, நடுநேரம் இழுபடும். ஓர் இரவின் தரவு சில விநாடித் துல்லியம் காட்டினாலும், இந்த இழுபறி அதைவிடப் பெரிதாக இருக்க முடியும். எனவே நடுநேரத்தோடு ஃபில்டரின் பெயரையும், மறைப்புக்கு வெளியே அன்றைய ஒளி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். ஃபிளேர் விழுந்த படங்களைப் பொருத்தத்திலிருந்து விலக்கலாம், கோப்பிலிருந்து அழிக்கக் கூடாது.